எடைக்குப் போடாத வெள்ளி

அத்தியாயம் 9

டீச்சர் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அண்ணன் கொடுத்தான். கொடுத்த கையோடு அதற்கு ஒரு பூட்டும் போட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் வெள்ளிக்காரர் தராசோட வர்றாரு. அதுக்குள்ள நீ எங்க வேணா போ, யாரை வேணா கேளு. ஆனா அவர் வந்து உக்காந்தப்புறம் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

இந்தப் பேச்சோடுதான் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்தார்கள். அப்பாவின் பீரோவை ஒழிக்கப் போன இடத்தில், கம்பளிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பா வெளியே வந்திருந்தது. டப்பா நிறையப் பழைய வெள்ளிக் காசுகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாதக் கடைசியில் மகனிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டவர், சாகிற வரைக்கும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அண்ணனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. லாரி டயர் கடை வைத்திருப்பவன் அவன். தேய்ந்த டயர் என்றால் ரப்பர் எடை, பழைய காசு என்றால் வெள்ளி எடை. உருக்கி, காசாக்கி, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என மூன்று பங்கு. கணக்கு முடிந்தது.

தங்கைக்கு முடியவில்லை. "அப்பா விக்கணும்னு நினைச்சிருந்தா எப்பவோ வித்திருப்பாரு. விக்காம ஏன் வெச்சாருன்னு தெரியாம உருக்க விடமாட்டேன்" என்று நின்றுவிட்டாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பியவள். தெருவே டீச்சர் என்று கூப்பிட, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பல வருடப் பழக்கத்தில், பதறினால் அவள் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். எதிரில் வண்டி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மறுநாள் காலை, அண்ணன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றபோது அந்தக் கால் அமுங்கியது.

உள்ளே அண்ணி தொட்டியடியில் நின்று, பாத்திரப் பொடியும் பழைய பல் பிரஷ்ஷுமாகக் காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த துண்டின் மேல் தேய்த்து முடித்தவை வரிசையாகப் பளபளத்தன.

"அண்ணி, நிறுத்துங்க."

அண்ணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நெற்றியில் வேர்வை. "வாங்க. காலையிலேர்ந்து இதே வேலைதான். பாருங்க, முகம் பாக்கலாம் இப்ப."

உண்மைதான். தாடி வைத்த ராஜா ஒருவர் தலை போட்ட பெரிய காசுகள், நேற்று புகை பிடித்த சுவர் மாதிரி இருந்தவை, இன்று புதுக் கரண்டி போல மின்னின.

"எத்தனை ஆச்சு?"

"பெருசெல்லாம் அனேகமா ஆச்சு. ரெண்டு மூணுதான் பாக்கி. இந்தச் சின்னதுங்க கன்னங்கரேல்னு இருக்கு. இதைப் போய் யாரு தேய்ப்பாங்கன்னு கடைசிக்குத் தள்ளி வெச்சேன். ஏன், என்ன?"

டீச்சர் அருகே போனாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழும் ஆட்களிடம் பேசிப் பழகிய குரலை எடுத்துக்கொண்டாள். "பழைய காசைத் தேய்க்கக் கூடாதாம் அண்ணி. ராத்திரி போன்ல படிச்சேன். தேய்ச்சா அதை வாங்கறவங்க வாங்க மாட்டாங்களாம். வெறும் வெள்ளியாத்தான் போகுமாம்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி அதை மூடினாள். கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், பிறகு துண்டைத் தேடினாள். துண்டின் மேல் காசுகள் இருந்தன.

"சாயங்காலம் வர்றவரு கறுப்பா இருக்குன்னு விலையைக் குறைச்சிடப் போறாரேன்னு..." பாதியில் நிறுத்தினாள். புடவையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கே ராத்திரிதான் தெரியும்."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

டீச்சர் காசுகளைப் பிரித்தாள். தேய்த்தவை ஒரு துணியில், தேய்க்காதவை இன்னொரு துணியில். இரண்டையும் டப்பாவில் வைத்து மூடினாள். கிளம்பும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நானும் வர்றேன்" என்றாள் அண்ணி.

டீச்சருக்கு அதில் அத்தனை இஷ்டமில்லை. இருவருக்கும் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. சண்டை வருமளவுக்குப் பேச்சும் கிடையாது. சாப்பிட்டீங்களா, ஆச்சு, அவ்வளவுதான் இத்தனை வருடமும். ஆனால் வாசலில் நிற்கும் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

கூடத்தில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளும் மருமகளும் சேர்ந்து வெளியே போவதை முதல் முறையாகப் பார்க்கிறவள் போல நிமிர்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

*

வண்டி மேல் 'பயிற்சி வாகனம்' என்று பலகை இருப்பதால், டீச்சரின் காருக்கு எல்லோரும் எட்டி நின்றே வழி விடுவார்கள். அண்ணி டப்பாவைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் சிக்னலில் வண்டி நின்றது.

"அவருக்கு இந்தப் பணம் பெருசில்ல" என்றாள் அண்ணி திடீரென்று. "நீங்க அப்படி நினைச்சுக்கிட்டிருக்கீங்க."

"நான் ஒன்னும் நினைக்கலை."

"நினைக்கறீங்க. தப்பில்ல. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்." சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. "கடை ஆரம்பிக்கறப்போ இவர் மாமாகிட்ட போய்க் கேட்டாரு. உங்ககிட்ட ஏதாவது இருக்காப்பான்னு. மாமா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாராம். ஒன்னுமில்லடான்னாராம். இவர் அதை நம்பினாரு. நம்பினதோட நிக்கலை, அதுக்கப்புறம் கேட்டதுக்காக வெக்கப்பட்டாரு. பாவம் மனுஷனைப் போய்க் கேட்டுட்டேனேன்னு எத்தனை தடவை என்கிட்ட சொல்லியிருக்காரு தெரியுமா? அப்பவும் இந்த டப்பா அதே பீரோவுலதான இருந்திருக்கு."

டீச்சர் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

"எங்கிட்ட அவன் இதைச் சொன்னதே இல்ல."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. வீட்டை விட்டு இது போனாப் போதும்னு இருக்கு அவருக்கு. விலை குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு இருக்கு."

அண்ணனின் அவசரத்துக்கு டீச்சர் போட்டிருந்த கணக்கு முழுவதும் தப்பு. இருந்தாலும் அவள் வண்டியைத் திருப்பவில்லை. கோபத்தில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறான் என்றால், கண்ணைத் திறந்து பார்க்க இன்னொருத்தி வேண்டாமா?

*

முதலில் கடைத்தெருவில் உரசிப் பார்க்கும் இடம். இப்போது யாரும் கல்லில் உரசுவதில்லை. சின்ன அடுப்பு போல ஒரு மெஷின். உள்ளே காசை வைத்து மூடினால், எத்தனை பங்கு வெள்ளி, எத்தனை பங்கு செம்பு என்று திரையில் எழுத்து வரும். நகைக் கடைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கடை ஆள் யார் முகத்தையும் பார்க்காமல் சாமானை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் வெக்கணுமா? வகைக்கு ஒன்னு போதுமா?"

"வகைக்கு ஒன்னு. அப்புறம் சந்தேகமா இருக்கறதெல்லாம்" என்றாள் டீச்சர்.

பெரிய காசு நல்ல வெள்ளி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வந்தது. அண்ணி மூச்சு விட்டாள்.

பெரிய காசுகளிலேயே ஒன்று அண்ணி தேய்த்தபோது கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. அதையும் வைத்தார்கள். வெள்ளி என்று ஒரு பொட்டுகூட வரவில்லை.

"இது டூப்பு" என்றான் கடை ஆள், முதல் முறையாக நிமிர்ந்து. "அச்சுல ஊத்தினது. பழைய டூப்பு, ஆனா டூப்பு."

கடைசியாகச் சின்னக் காசு. ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், இன்னொரு பக்கம் ஒரு மாலைக்குள் எண். அதே வகையில் ஐந்து இருந்தன. கறுத்து, வழவழவென்று, சட்டைப் பொத்தான் மாதிரி.

"இதுல பாதிதான் வெள்ளி. மிச்சம் செம்பு. உருக்கினா கூலிகூடக் கட்டாது. இதைத் தூக்கிட்டு ஏன் அலையறீங்க?"

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள், "அப்போ பெருசுதான் நல்லது. சின்னது மட்டம். சரிதானே?"

"வெள்ளின்னு பாத்தா அதான் சரி."

"வேற எப்படிப் பாக்கறது?"

"தெரியலை அண்ணி. தெரிஞ்சவங்களைப் போய்க் கேப்போம்."

காரில் ஏறும்போது போன் அடித்தது. அண்ணன்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? அவரு வேற எங்கயோ போகணுமாம், சீக்கிரமே வந்துடறேங்கறாரு. டப்பாவோட வீடு வந்து சேருங்க."

"சாயங்காலம்னுதானே சொன்ன?"

"நான் சொன்னதை அவரு மாத்தறாரு. நான் என்ன பண்ண?"

"நான் சாயங்காலம் வருவேன் அண்ணா. அவர் முன்னாடியே வந்தா டீ குடுத்து உக்கார வை."

போனை வைத்துவிட்டு டீச்சர் இண்டிகேட்டர் போட்டாள். நேராக வீட்டுக்குப் போகிற ரோடு வலது பக்கம். வண்டி இடது பக்கம் திரும்பியது. அண்ணி அதைப் பார்த்தாள். டப்பாவை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் ஒரு நீள அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். பழைய நாணயங்களும் தபால் தலைகளும் விற்கும் அம்மாள் ஜன்னலோரம் பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒன்று.

"மதிப்பு சொல்லணுமா, விக்கணுமா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"மதிப்பு தெரிஞ்சுக்கணும். நல்ல விலைன்னா நீங்களே வாங்கிக்குவீங்களா?"

"நான் மதிப்பு சொன்னதை நான் வாங்க மாட்டேன். வாங்கறவ வாயில மதிப்பு நேரா வராது." கூலி எவ்வளவு என்பதையும் சொன்னார். டீச்சர் பையைத் திறந்து அப்போதே கொடுத்தாள்.

அம்மாள் முதலில் பளபளத்த மூட்டையைப் பிரித்தார். பிரித்ததும் கை நின்றது. பெருமூச்சு ஒன்று வந்தது, கோபமில்லை.

"யாரு தேய்ச்சது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்றாள் அண்ணி. குரல் சின்னதாக இருந்தாலும் நேராக இருந்தது. "பாத்திரப் பொடி போட்டு."

"எல்லா வீட்லயும் நடக்கறதுதான். பழைய காசை அழிச்சதுல திருடனுங்களை விடப் பிரியமானவங்கதான் அதிகம்." அம்மாள் தேய்த்த காசு ஒன்றையும் தன் இழுப்பறையிலிருந்து எடுத்த தேய்க்காத காசு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸை அண்ணியிடமே நீட்டினார். "ஓரத்தைப் பிடிங்க. முகத்தைத் தொடாதீங்க. என்ன தெரியுது?"

அண்ணி குனிந்து வெகு நேரம் பார்த்தாள். "இதுல தாடி மயிர் ஒன்னொன்னாத் தெரியுது. நான் தேய்ச்சதுல மொத்தையா இருக்கு. கோடு கோடா கீறல் வேற."

"அவ்வளவுதான் விஷயம். அந்தக் கறுப்பு அழுக்கில்ல. காத்து பட்டுப் பட்டு வெள்ளி மேல தானா படியற நிறம். அது முழுசா இருந்தா, இத்தனை வருஷமா யாரும் இதை நோண்டலைன்னு அர்த்தம். சேக்கறவங்க அதுக்குத்தான் காசு குடுக்கறாங்க."

"திரும்பக் கறுக்க வெக்க முடியாதா?"

"வெக்கறவங்க இருக்காங்க. மருந்து போட்டுக் கறுப்பாக்கிக் கொண்டு வருவாங்க. அதைக் கண்டுபிடிச்சாச்சுன்னா, அதே வீட்லேர்ந்து வர்ற நல்ல காசையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வேண்டாம்."

அண்ணி லென்ஸைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவள் இழுப்பறைகளைப் பார்த்தாள்.

"ரொம்ப வருத்தப்படாதீங்க" என்றார் அம்மாள். "தாடிக்காரர் காசு ஊர்ல நிறைய இருக்கு. தேய்க்காம இருந்திருந்தா வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் வந்திருக்கும், அவ்வளவுதான். மலை ஒன்னும் சாஞ்சிடலை. அடுத்ததைக் காட்டுங்க."

டீச்சர் இரண்டாவது மூட்டையைப் பிரித்தாள். கப்பல் காசுகள் பச்சைத் துணியில் உருண்டன.

அம்மாள் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி, மூக்கிலிருந்ததைத் தலைக்கு ஏற்றினார். ஒரு காசை எடுத்தார். திருப்பினார். கப்பலுக்குக் கீழே, அலைக்கும் ஓரத்துக்கும் நடுவில் நகத்தால் காட்டி, "இங்க பாருங்க" என்றார்.

டீச்சர் குனிந்தாள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு நட்சத்திரம்.

"கப்பல் காசு சாதாரணம். எங்கிட்டயே இழுப்பறை நிறையக் கிடக்கு. நட்சத்திரம் போட்டது வேற. காசு அடிக்கற ரெண்டு சாலையில இதை அடிச்சாங்க. ரெண்டாவது சாலை தன் அடையாளமா நட்சத்திரம் போட்டுச்சு. அங்க ரொம்ப நாள் அடிக்கலை, மூடிட்டாங்க. அடிச்சதுலயும் பெரும்பாலானது உலைக்குப் போயிடுச்சு, பாதி வெள்ளிதானேன்னு." அடுத்ததை எடுத்தார். அடுத்ததை. "இதுலயும் இருக்கு. இதுலயும். அஞ்சுலயும் இருக்கு."



"அப்படின்னா?" என்றாள் டீச்சர்.

"அப்படின்னா, அந்தப் பெரிய காசு மூட்டை மொத்தத்தையும் ஒரு தட்டுல வெச்சு, இதுல ஒன்னே ஒன்னை இன்னொரு தட்டுல வெச்சா, விலையில இந்தத் தட்டுதான் கனத்து இறங்கும். ஒன்னு. நான் அஞ்சைச் சொல்லலை." அவர் எடை போட்டார், ஓரத்தைப் பார்த்தார், ஒரு காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டிச் சத்தம் கேட்டார். "நல்ல காசுதான்னு என் கையும் காதும் சொல்லுது. ஆனாலும் விக்கறதுக்கு முன்னாடி, சோதிச்சு மூடி முத்திரை போட்டுக் குடுக்கற இடத்துக்கு அனுப்புங்க. அது வரைக்கும் தனித்தனியாக் காகித உறையில போட்டு வைங்க. ஒன்னோட ஒன்னு உரசக்கூடாது. அப்புறம் ஒரு விஷயம்."

"சொல்லுங்கம்மா."

"எடைக்கு வாங்க வர்றவருக்கு நட்சத்திரம் தெரியாம இருக்கலாம். தெரிஞ்சும் இருக்கலாம். எதுன்னு அவர் வாயால சொல்ல மாட்டாரு. அவர் கையைப் பாருங்க."

படியிறங்கும்போது அண்ணி டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். படி செங்குத்து என்பதால் பிடித்தவள், தெருவுக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை.

"கறுப்பா இருக்கேன்னு ஒதுக்கி வெச்சேன் பாரு" என்றாள். "இல்லைன்னா அதையும் தேய்ச்சிருப்பேன்."

பாருங்க என்று சொல்லவில்லை, பாரு என்றாள். டீச்சர் அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்காரர் கூடத்தில் இரண்டாவது டீயில் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு தோல் பெட்டி, முகத்தில் அவசரமே இல்லாத ஒரு புன்னகை. அண்ணன் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்தாச்சா? குடு" என்று கை நீட்டினான்.

டீச்சர் கொடுக்கவில்லை. "அண்ணா, ஒரு நிமிஷம் உள்ள வா."

"பேச்சு என்ன?"

அவளுக்கு நினைவிருந்தது. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஒரு வார்த்தை கிடையாது. அவள் சொன்ன சம்மதம் அவளுடையதுதான். எல்லார் முன்னாலும் அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில், சண்டைக்கு வா என்று இருந்தது. சண்டை போட்டால் அவன் பிடிவாதம் இரண்டு மடங்காகும். வண்டி வழுக்கும்போது பிரேக்கை மிதித்தால் இன்னும் வழுக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

டப்பாவை மேசையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்காரர் ஒரு துணியை விரித்துக் காசுகளை அதில் கொட்டினார். பளபளத்த பெரிய காசுகளைப் பார்த்து, "அடடே, சுத்தம் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார் சந்தோஷமாக. விரல்கள் குவியலைப் பரப்பின. பெரிய காசு, பெரிய காசு, பெரிய காசு. ஒரு கப்பலின் மேல் வந்து விரல் நின்றது. கட்டைவிரல் அதைத் திருப்பியது. நகம் கப்பலுக்குக் கீழே ஒரு தடவை தடவியது. பிறகு எல்லாக் கப்பல்களும் எப்படியோ அவர் பக்கத்து ஓரத்துக்கு வந்து சேர்ந்தன.

டீச்சர் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள்.

"பெருசு நல்ல வெள்ளி. இந்தப் பொடிசெல்லாம் மட்டம். பாதி செம்பு. தனியா யாரும் தொட மாட்டாங்க. உங்க அப்பா முகத்துக்காக, போனாப் போகுதுன்னு எல்லாத்தையும் ஒரே எடையா எடுத்துக்கறேன்."

அண்ணன் தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான். கேட்டியா, மட்டத்தையும் நல்ல விலைக்கே எடுக்கிறார் என்பது போல.

டீச்சர் பேசவில்லை. எழுந்து போய், ஓரத்திலிருந்த ஐந்து கப்பல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து பழையபடி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்காரரின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவள் கையோடு போயின. "அதையும் சேத்துத்தாம்மா பேச்சு."

"என்ன விளையாட்டு இது? வை அங்க" என்றான் அண்ணன்.

டீச்சர் அசையவில்லை. அண்ணிதான் பேசினாள். அவளிடம் யாரும் சம்மதம் வாங்கியிருக்கவில்லை.

"மட்டம்னுதானே சொன்னீங்க? மட்டத்தை எதுக்கு உங்க தலையில கட்டணும்? அதை நாங்களே வெச்சுக்கறோம். நல்லதை மட்டும் எடை போடுங்க."

"அது அப்படி இல்லைங்க. மொத்தமாப் பேசினது."

"மொத்தத்துல மட்டம் போனா உங்களுக்கு நல்லதுதானே? அதுக்குச் சேர வேண்டிய பணத்தையும் குறைச்சுக்குங்க. நாங்க ஒன்னும் சொல்லலை."

"பிரிச்சா எனக்கு வேண்டாங்க. மொத்தமாக் குடுத்தா எடுத்துக்கறேன்." இப்போது புன்னகை கொஞ்சம் இளைத்தது. "வேணும்னா எடைக்கு மேல இன்னும் கொஞ்சம் சேத்துத் தர்றேன். மொத்தமா."

அண்ணன் தலையைத் தூக்கினான்.

காசு பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் பேச்சு தெரியும். ஓடித் தேய்ந்த டயர்களை மொத்தமாக விலை பேசுகிறவன், அதிலிருந்து ஒன்றை நீ எடுத்து வைத்தவுடன் மொத்தமும் வேண்டாம் என்கிறான் என்றால், அவன் அந்த ஒன்றுக்காகத்தான் வந்தவன். அண்ணனே எத்தனையோ கொட்டகைகளில் அப்படி நின்றிருக்கிறான். இதே புன்னகையோடு.

"மட்டத்துக்கு விலையை ஏத்தறீங்களே" என்றான் மெதுவாக.

"ஒரு இதுக்குத்தான். பழக்கத்துக்காக."

"பழக்கம் இருக்கட்டும். தராசை எடுத்துக்குங்க."

"யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். டீ இன்னொன்னு வேணுமா?"

வெள்ளிக்காரருக்கு வேண்டியிருக்கவில்லை.

வாசல் கதவு மூடியதும் அண்ணன் தங்கையின் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இப்பப் பேசு" என்றான்.

டீச்சர் பேசினாள். மெஷின் சொன்னது, அம்மாள் சொன்னது, நட்சத்திரம், உலைக்குப் போனவை, எல்லாம்.  அவள் முடித்ததும் அண்ணன் பளபளத்த பெரிய காசு ஒன்றைக் கையிலெடுத்தான்.

"இது தேய்ச்சதாலதான் வெறும் எடைக்குப் போச்சா?"

"நான்தான் தேய்ச்சேன்" என்றாள் அண்ணி. "யாரும் சொல்லாமலே, நானா."

அண்ணன் அவளைப் பார்த்தான். காசைப் பார்த்தான். "என்கிட்ட கேட்டிருந்தா நானும் சேந்து தேய்ச்சிருப்பேன்" என்றான். அண்ணிக்கு அதற்கப்புறம்தான் உட்காரத் தோன்றியது.

"அண்ணா" என்றாள் டீச்சர். "அப்பா கையை விரிச்சுக் காட்டினது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். பிறகு தோளைக் குலுக்கினான். "அப்ப இதுல பாதியைக் குடுத்திருந்தாக்கூட எடைக்குத்தான் போட்டிருப்பேன். அது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்போல. ஆனா சொல்லியிருக்கலாம். இல்லைன்னு சொன்னதுக்குப் பதிலா, தர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். அது இன்னும் ஆறலை எனக்கு. இதை வெச்சும் ஆறாது."

"ஆற வேண்டாம். அதுக்காக விக்காதே. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"விக்கலை. முத்திரை போடற இடத்துக்கு அனுப்பு. அது வந்ததும் மூணாப் பிரிப்போம்." ஐந்து கப்பல்களையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அஞ்சை மூணாப் பிரிக்கறது எப்படின்னுதான் தெரியலை."

"அஞ்சு இல்ல" என்றது ஒரு குரல். "ஆறு."

அம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று மூவருக்கும் தெரியவில்லை. வந்து மேசையருகே நின்று, மகள் கையிலிருந்த காசுகளை எண்ணவே இல்லை. வெறுமனே பார்த்தாள்.

"கப்பல் காசு ஆறு இருந்துச்சு. ஒன்னை உங்கப்பா தன் கையால எடுத்துக் குடுத்தாரு. மிச்சம் அஞ்சையும் அவளுக்குத் தெரியாம விக்க மாட்டேன்னு வாக்கும் குடுத்தாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"அவளுக்குன்னா? எவளுக்கும்மா?" என்றான் அண்ணன்.

"பங்கு மூணு இல்லடா. நாலு."

 அண்ணன் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். அண்ணியின் கை டீச்சரின் கையைத் தேடிப் பிடித்தது. டீச்சர்தான் கேட்டாள்.

"நாலாவது யாரும்மா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரலாம். அவ முகத்தைப் பார்த்தா நீங்களே சொல்லிடுவீங்க."